எஸ்டீம் ரீபில்ட்: சொந்த 1.3 பிளாக்கையே போர் பண்றதா, பலேனோ 1.6 இறக்குறதா?

மலைப்பாதை எஸ்டீம்
வண்டி 2003 மாருதி எஸ்டீம், எம்பிஎஃப்ஐ, 16 வால்வு 1.3 லிட்டர் ஜி13பிபி என்ஜின். என்ஜின் இறக்கிப் பிரிச்சாச்சு, பிளாக் (நாலு சிலிண்டரும் இருக்கிற என்ஜின் உடம்பு) இப்போ சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு ஷெட்டுல கிடக்கு. போன கோடையில ரேடியேட்டர் ஃபேன் ஓடாம ஏற்காடு ஏத்தத்துல நல்லா ஹீட் ஆச்சு. அப்போ ஒரு ஒர்க்‌ஷாப்ல ஹெட் கேஸ்கெட்டை மட்டும் மாத்திக் கொடுத்தாங்க, பிளாக் மேல உட்கார்ற ஹெட்டோட முகத்தைச் சமமாக் கடையற ஃபேஸிங்கூடப் பண்ணலை. அதுலேர்ந்து ஆயில் குறையுது. இப்போ பாத்தா 3வது சிலிண்டர்ல நகம் தட்டுற மாதிரி கீறல்.

இதே பிளாக்கோட சிலிண்டரைக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு ஓவர்சைஸ் போர் அடிக்கலாம். சிலிண்டருக்குள்ள புது இரும்புக் குழாய், அதாவது ஸ்லீவ், போட்டு மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டு வரலாம். சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில வேற ஒரு 1.3 பிளாக் வாங்கலாம். இல்லேன்னா பழைய பலேனோ செடான்ல வந்த 1.6 ஜி16பி-யை முழுசா இறக்கலாம். என் ஃப்ரெண்டுங்க எல்லாரும் கடைசியைத்தான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை காலையில மலை, எப்பவாவது கோயம்புத்தூர் கரி டிராக், மத்தபடி வீட்டு வண்டி. ஒன்றரை லட்சத்துக்கு மேல வீட்டுல விட மாட்டாங்க. எது சரி?

ஸ்பேனர் 12-13
இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரோ. 1.6 போடுங்க. எஸ்டீம் 900 கிலோவுக்குள்ள இருக்கிற வண்டி. கம்பெனி கணக்குல 85 குதிரை 94 ஆகும், அதைவிட முக்கியம் கீழ் ஆர்பிஎம்ல இழுக்கிற இழுவை. கொண்டை ஊசியில ரெண்டாவது கியர்ல வெளிய வரும்போது தெரியும் பாருங்க, 1.3 அங்க முக்கிக்கிட்டு நிக்கும். ரெண்டும் ஒரே ஜி குடும்பம்தான். அதே 1.3-க்குக் காசு செலவழிச்சு அதே 1.3-ஐ எடுக்கறதுல என்ன சந்தோஷம்?

லேத்துப்பட்டறை
தம்பி, பிளாக்கை அளந்தீங்களா? கீறல் தெரியுதுன்னு சொன்னீங்க, அளவு ஒண்ணையும் காணோம். அது இல்லாம எந்த பிளாக் நல்லதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

டயல் போர் கேஜ் வெச்சு ஒவ்வொரு சிலிண்டர்லயும் மேல, நடுவுல, கீழ மூணு இடம். அந்த மூணுலயும் க்ராங்க் (பிஸ்டனுங்க சுத்தி விடற தண்டு) நீளவாட்டத்துல ஒரு தடவை, அதுக்குக் குறுக்குவாட்டத்துல ஒரு தடவை. ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு, நாலுக்கு இருபத்தி நாலு. தேய்மானம் எப்பவும் மேல் ரிங் நிக்கிற இடத்துல, குறுக்குவாட்டத்துலதான் ஜாஸ்தி இருக்கும், பிஸ்டன் அந்தப் பக்கம்தான் சுவத்தை அழுத்துது. ஜி13-க்கு ஸ்டாண்டர்டு போர் 74 மி.மீ. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசமோ, நீள்வட்டமோ 0.10 மி.மீ. தாண்டினா போர் அடிச்சே ஆகணும்.

அடுத்து டெக், அதாவது பிளாக்கோட மேல்முகம். ஹீட் ஆன வண்டின்னு சொல்றீங்க. கேஸ்கெட் உட்கார்ற முகத்துல நல்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சு, நேரா, குறுக்கா, ரெண்டு மூலைவாட்டம், ஃபீலர் கேஜ் (மெல்லிசான அளவுத் தகடு) விட்டுப் பாருங்க. 0.06 போச்சுன்னா ஃபேஸிங் பண்ணணும். க்ராங்க்கைப் பிடிச்சிருக்கிற மெயின் கேப்புகளைக் கழட்டி வெச்சிருந்தா எது எங்கேர்ந்து வந்ததுன்னு நம்பர், அம்புக்குறி பாத்து அந்தந்த இடத்துலயே திரும்ப மாட்டி வைங்க. அதெல்லாம் பிளாக்கோட சேர்த்து ஒரே நேரத்துல போர் பண்ணது. ஒண்ணு இடம் மாறினாலும் க்ராங்க் இறுகும்.

அளந்துட்டு வாங்க, பேசலாம்.

நாமக்கல் டீசல்
நான் லாரிக்காரன், கோவிச்சுக்காதீங்க. இந்த அலுமினிய பிளாக்கை நம்பி எப்படி பெர்ஃபாமன்ஸ்னு பேசறீங்கன்னு எனக்குப் புரியலை. ஒருதடவை ஹீட் ஆனாலே கதை முடிஞ்சது. காஸ்ட் அயர்ன் பிளாக்னா எத்தனை தடவை வேணா போர் அடிக்கலாம், ஸ்லீவ் போடலாம், அசையாது. எங்க ஊர்ல லேலண்டு பிளாக்குக்கு லைனர் மாத்தற லேத்து தெருவுக்குத் தெரு இருக்கு, இதையும் அங்கயே கொடுத்து ஸ்லீவ் இறக்கிடுங்க. காசும் கம்மி.

லேத்துப்பட்டறை
நாமக்கல் அண்ணா, லாரி வேலையில நீங்க சொல்றது அத்தனையும் சரி. ஆனா அந்த லைனர் கையில தள்ளினா இறங்கி, கையில இழுத்தா வர்ற மாதிரி மாத்தறதுக்குன்னே செஞ்சது. எஸ்டீம் பிளாக்குல இரும்பு லைனரை அச்சுல வெச்சு அது மேல அலுமினியத்தை ஊத்தி வார்த்திருக்காங்க. ஸ்லீவ் போடணும்னா அந்த லைனரை உள்ளேர்ந்து கடைஞ்சு மெலிசாக்கி, பிளாக்கைச் சூடு பண்ணி, புது ஸ்லீவை இறுக்கமா இறக்கணும். அலுமினியம் சூட்டுல இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். இறுக்கம் கம்மியா வெச்சா, ஓடி சூடானதும் ஸ்லீவ் தளர்ந்து துளியூண்டு கீழ இறங்கும், அந்த இடத்துல கேஸ்கெட் ஊதிக்கும். ஜாஸ்தி வெச்சா பக்கத்து சிலிண்டர் கோணும். செய்ய முடியாத வேலை இல்லை. செஞ்சு கை பழகினவன் வேணும்.

இன்னொண்ணு, லாரி வேலையே செஞ்சவங்க போரிங் பாரை ஏற்கெனவே தேய்ஞ்ச துளையோட நடுவை வெச்சு சென்டர் பண்ணிடுவாங்க. தேய்மானம் ஒரு பக்கமா இருந்தா புதுத் துளையும் அந்தப் பக்கமே சாயும். டெக் முகத்துக்கும் க்ராங்க் மெயின் லைனுக்கும் நேர் பாத்துத்தான் சென்டர் எடுக்கணும். சும்மா ஓடற வண்டியில இது தெரியாது. 7000 ஆர்பிஎம்ல தெரியும்.

டர்போ தம்பி
ஏற்காடு 1500 மீட்டர் உயரம். காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல 84 சதவீதம்தான். டர்போ இல்லாத எந்த என்ஜினும் மேல போகப் போக மூச்சு வாங்கும். அதனால பிளாக் எதுன்னு சண்டை போடாம, இருக்கிற 1.3-க்கு சின்ன டர்போ வெச்சா 1.6-ஐவிட நல்லா ஏறும்.

ஸ்பேனர் 12-13
தம்பி, ஸ்டாக் பிஸ்டன்ல டர்போவா? முதல் மாசமே ரிங் லேண்ட் (பிஸ்டன்ல ரிங்கைத் தாங்கற விளிம்பு) உடைஞ்சு எண்ணெய் கக்கும். டர்போ ஆசை இருந்தா ஆக்டேவியா விஆர்எஸ் மாதிரி 1.8 டர்போ வண்டியைத் தேடுங்க. அதுல காஸ்ட் அயர்ன் பிளாக், அழுத்தத்துக்குன்னே வடிவமைச்சது. ஒன்றரை லட்சத்துல பிஸ்டன், இன்டர்கூலர், ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) டியூனிங் எல்லாம் யார் பண்ணித் தருவா?

டர்போ தம்பி
ஆசைக்குச் சொன்னேன் அண்ணா, விடுங்க.

காப்பித்தோட்டம்
நான் மேல இருக்கிறவன், அதனால ரெண்டு வார்த்தை. சேலத்துலேர்ந்து மேல வர்றப்போ பத்து சதவீதத்துக்கு மேல காத்து குறையறது உண்மைதான். ஆனா அடிவாரத்துலேர்ந்து இருபது கொண்டை ஊசிக்கும் பவர் பத்தலைன்னு நான் பாத்த வண்டி கம்மி. கூலிங் பத்தாம பானெட் தூக்கி நிக்கிறதுதான் தினசரி காட்சி. ரெண்டாவது கியர், ஆர்பிஎம் மேல, வண்டி வேகமோ முப்பது. முன்னாடி காத்து வராது, ஃபேன் ஒண்ணுதான் கதி. அதோட இந்த உயரத்துல மூடியில்லாத பாத்திரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சாத்தான் அந்த அளவு மேல போகும். மூடி ரப்பர் போன வண்டி கீழ சேலத்துல சமாளிக்கும், 15வது வளைவுல பொங்கும். எந்த பிளாக் போட்டாலும் மூடி, தெர்மோஸ்டாட், ஃபேன் ஸ்விட்ச் மூணையும் புதுசாப் போடுங்க.

எஸ்டீம் தம்பி, புகை எப்ப வந்துச்சுன்னு நீங்க சொல்லலை. ஏறும்போது விடாம நீலமா வந்தா ரிங், போர். இறங்கும்போது கியர்லயே விட்டுட்டு வந்து, கீழ வந்து ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஒரு வீச்சு நீலப்புகை வந்தா பெரும்பாலும் வால்வ் ஸ்டெம் சீல். ரெண்டும் ஆயில் குடிக்கும், ஆனா ஒண்ணுக்கு பிளாக் வேலை, இன்னொண்ணுக்கு ஹெட் வேலை.

கடைசியா, மலையில காலையில எஸ்டேட் ஜீப்பும் பஸ்ஸும் வரும். ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி. என்ஜின் சத்தத்தைக் காட்டணும்னா கரி டிராக் இருக்கு.

ஆர்சி புக்
யாரும் பேசாத விஷயம் ஒண்ணு. என்ஜின் நம்பர் பிளாக்குலதான் அடிச்சிருக்கு. பிளாக் மாத்தினா நம்பர் மாறும், நம்பர் மாறினா ஆர்சி மாறணும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கித்தான் என்ஜின் மாத்தணும். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும், கம்பெனி கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லிடுச்சு. அதே மாடல் 1.3-க்கு வேற 1.3 போடறதா இருந்தா, வாங்கின பில், பழைய வண்டியோட பேப்பர் எல்லாம் கொடுத்து அனுமதி கேக்கலாம். 1.3 ஆர்சியில 1.6 ஓட்டறது வேற கதை. ஒண்ணும் ஆகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஒரு ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பானெட்டைத்தான் திறப்பான்.

பில் இல்லாம காயலான் கடையில வாங்குற பிளாக் எந்த வண்டியோடதுன்னே தெரியாது. திருட்டு வண்டி நம்பரா இருந்தா நீங்கதான் பதில் சொல்லணும்.

ஸ்பேனர் 12-13
சட்டம் பேசினா இந்த ஊர்ல பாதி ஜிப்ஸி ரோட்டுலயே ஓடாது சார்.

ஆர்சி புக்
பாதி ஜிப்ஸிக்காரன் என்கிட்டதான் வந்து நிக்கிறான் தம்பி.

மலைப்பாதை எஸ்டீம்
எல்லாருக்கும் நன்றி. லேத்துப்பட்டறை அண்ணா சொன்ன மாதிரி அளந்தாச்சு. 1, 2, 4 மூணும் மேல 74.05 வரைக்கும் போகுது, கீழ 74.02. 3வது மட்டும் மேல குறுக்குவாட்டத்துல 74.11, கீழ 74.03. டெக்ல மூலைவாட்டத்துல 0.05 ஃபீலர் இறுக்கமாப் போகுது, 0.06 போகலை. மெயின் கேப் எல்லாம் சரியான இடத்துல மாட்டியாச்சு.

வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா வெள்ளையா, அப்பளம் மாதிரி உப்பு படிஞ்சிருக்கு. பிளாக் பக்கவாட்டுல இருக்கிற மூடித் தகடுல ஒண்ணு துருப்பிடிச்சு ஸ்க்ரூ டிரைவர் குத்தினா உள்ள போகுது. எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் கூலன்ட்டே ஊத்தலை போல, வீட்டு போர்வெல் தண்ணிதான்.

காப்பித்தோட்டம் அண்ணா, புகை ரெண்டு விதமாவும் வந்துச்சு.

லேத்துப்பட்டறை
இப்ப பேசலாம். 3வதுல தேய்மானம் 0.08, லிமிட்டுக்குள்ளதான், ஆனா கீறல் இருக்கிறதால ஹோனிங் (கல்லு வெச்சு மெலிசாத் தேய்க்கறது) மட்டும் பத்தாது. 0.25 ஓவர்சைஸ்னா 74.25. 74.11 இருக்கிற இடத்துலயே சுவத்துக்கு 0.07 கடையலாம், மத்த இடத்துல 0.10-க்கு மேல. கீறல் அதைவிட ஆழம் இல்லேன்னா 0.25-லயே சுத்தமாயிடும். ஆகலைன்னா 0.50. நாலு சிலிண்டரையும் ஒரே அளவுக்குத்தான் அடிக்கணும், ஒண்ணை மட்டும் இல்லை.

டெக் லிமிட்டுக்குள்ள இருக்கு. ஆனா ஹெட்டையும் இதே மாதிரி பாருங்க, ஹீட்டுல முதல்ல கோணறது அதுதான். ஹெட்டுக்கு லிமிட் 0.05.

உப்பை லேசா எடுத்துக்காதீங்க. அது படிஞ்ச இடத்துல சூடு தண்ணிக்குப் போகாது, சிலிண்டர் அந்தப் பக்கம் மட்டும் விரியும். உங்க 3வது கீறினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். காஸ்டிக் தொட்டியில மட்டும் போட விடாதீங்க. இரும்பு பிளாக்கை அதுல ராத்திரி பூரா ஊற வைப்பாங்க, அலுமினியத்தைப் போட்டா தின்னுடும். அலுமினியத்துக்குன்னு இருக்கிற ரசாயனத்துல கழுவச் சொல்லி, அப்புறம் பிரஷர் டெஸ்ட். அந்த மூடித் தகடு எல்லாத்தையும் மாத்துங்க, ஒண்ணு ஓட்டைன்னா மத்ததும் வரிசையில நிக்குது.

ஸ்பேனர் 12-13
அண்ணா, 0.50 அடிச்சாலும் கூடப் போறது எவ்வளவு? 1298 சிசி 1316 ஆகும். 18 சிசி. அதுக்கு இவ்வளவு பாடா?

லேத்துப்பட்டறை
போர் அடிக்கிறது சிசி கூட்டறதுக்கு இல்லை தம்பி, வட்டத்தை வட்டமாக்கறதுக்கு. ரிங் சீல் ஆகாத 1.6-ஐவிட சீல் ஆன 1.3 நல்லா ஓடும். இவரு புதுப்பேட்டையில வாங்கப் போற 1.6-உம் இருபது வருஷப் பழசு. அதையும் பிரிச்சு, அதே இருபத்தி நாலு அளவு எடுத்து, பெரும்பாலும் அதே போர் வேலையே பண்ணணும். ‘நல்லா ஓடிட்டிருந்த என்ஜின்’னு சொல்லித்தான் எல்லாத்தையும் விக்கிறாங்க.

இவரு டிராக்னு வேற பேசறாரு. ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலேர்ந்து கீழ போற தூரத்தைப் பாருங்க. ஜி16-ல 90 மி.மீ., ஜி13-ல 75.5. 7000 ஆர்பிஎம்ல பிஸ்டனோட சராசரி வேகம் 1.6-ல விநாடிக்கு 21 மீட்டர், 1.3-ல 17.6. ஸ்டாக் ராடு, ஸ்டாக் போல்ட்டு வெச்சு எதை மேல சுத்த நான் துணிவேன்னு சொல்லுங்க. கீழ் இழுவை வேணும், 5500-க்கு மேல போக மாட்டேன்னா 1.6 நல்ல என்ஜின், அதை நான் குறை சொல்லலை.

ஸ்பேனர் 12-13
மலைக்கு எனக்கு அந்த 5500 போதும் அண்ணா. ஆனா சரி, 1.6-க்கு பிளாக் உயரம் ஜாஸ்தி, மவுன்ட், எக்ஸாஸ்ட் டவுன் பைப், வயரிங், ஈசியூ, கியர்பாக்ஸ் எல்லாம் தொட்டாகணும்ங்கிறதை ஒத்துக்கறேன். ஒன்றரை லட்சத்துல அது இழுக்கும்.

பாலியோக்காரன்
நான் ஃபியட் பாலியோ 1.6 வெச்சிருக்கேன், இரும்பு பிளாக், 86.4 போர், 67.4 ஸ்ட்ரோக். சுத்தறதுக்குன்னே பொறந்த அளவு. ஆனா இப்ப ஒரு செட் ரிங் வேணும்னா நான் தேடாத ஊர் இல்லை. பிளாக் எவ்வளவு உறுதியா இருந்தா என்ன, உள்ள போடறதுக்குச் சாமான் கிடைக்கணும். ஜி13 எஸ்டீம்ல வந்தது, ஜிப்ஸியில வந்தது, வெர்சாவுல வந்தது, முதல் ஸ்விஃப்ட்ல வந்தது. கோயம்புத்தூர்ல ஃபார்முலா எல்ஜிபி கார்லயும் ஸ்விஃப்ட் 1.3 தான் ஓடிச்சு. இந்த வசதியை விட்டுட்டுப் போகாதீங்க.

மலைப்பாதை எஸ்டீம்
முடிவு பண்ணிட்டேன். சொந்த பிளாக், 0.25. ஆனா ஒரு சந்தேகம். தெரிஞ்ச ஒருத்தர் ஜிப்ஸி 1.3 பிளாக் ஒண்ணு பில்லோட தர்றேங்கிறாரு, போர் ஸ்டாண்டர்டுலயே இருக்காம். அதை வாங்கி என் க்ராங்க்கை அப்படியே அதுல உட்கார வெச்சா போர் செலவே மிச்சமில்லையா?

லேத்துப்பட்டறை
ஜிப்ஸியில என்ஜின் நீளவாக்குல உட்காருது, உங்களுதுல குறுக்குவாக்குல. மவுன்ட் இடமும் சம்ப்பும் (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) சரியா வருதான்னு ரெண்டு பிளாக்கையும் பக்கத்துல வெச்சுப் பாக்காம காசு கொடுக்காதீங்க.

க்ராங்க் விஷயம் அதைவிட முக்கியம். உங்க க்ராங்க் வெப்புல அஞ்சு எண் குத்தியிருக்கும், க்ராங்க்ல பேரிங்குக்குள்ள சுத்தற அஞ்சு மெயின் ஜர்னலோட நுண்ணளவு அது. பிளாக்கோட அடிமுகத்துல அதே மாதிரி அஞ்சு குறி இருக்கும், பேரிங் உட்கார்ற துளையோட அளவு. இந்த ரெண்டையும் சேத்துப் பாத்துத்தான் ஒவ்வொரு மெயினுக்கும் எந்த நிற பேரிங்னு எடுக்கணும். பச்சை, கருப்பு, நிறமில்லாதது, மஞ்சள், நீலம்னு அஞ்சு தடிமன் வரும். வேற பிளாக் வந்தா அந்தக் கணக்கு முழுக்க மாறும். பழைய பேரிங்கையே தூக்கிப் போட்டா ஒரு மெயின் இறுகும், இன்னொண்ணு ஆயில் பிரஷரை விடும். க்ராங்க் தேயாம இருந்தாத்தான் இந்தக் கணக்கே. கிரைண்ட் பண்ணியிருந்தா அண்டர்சைஸ் பேரிங். எப்படி இருந்தாலும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டற மெல்லிய இழை) வெச்சுச் சரிபாக்காம மூடாதீங்க.

ஆர்சி நம்பர் தலைவலியும் சேருது. உங்களுதையே பண்ணுங்க.

காப்பித்தோட்டம்
சம்ப் கழட்டித்தான் இருக்கு, அதுல ஒரு தடுப்புத் தகடு வெல்ட் பண்ணிடுங்க. டிராக்ல நீளமான வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்தை இழுக்கும். ஒரு விநாடி போதும், பேரிங் போக.

மலைப்பாதை எஸ்டீம்
பண்ணிடறேன் அண்ணா. ஹெட்டையும் கொடுத்தாச்சு, ஸ்டெம் சீல் எல்லாம் புதுசு. ஜிப்ஸி பிளாக்கை விட்டுட்டேன். பிளாக்கை நாளைக்கு லேத்துல கொடுக்கட்டுமா?

லேத்துப்பட்டறை
பிஸ்டன் கைக்கு வந்துச்சா? வராம கொடுக்காதீங்க. 0.25-னு டப்பாவுல எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டர்ல அளந்து, அதுக்கு 0.02-லேர்ந்து 0.04 வரை இடைவெளி வர்ற மாதிரி அந்தந்த சிலிண்டரை ஹோன் பண்ணணும். 1, 2, 3, 4-னு பிஸ்டன் தலையில மார்க்கர்ல எழுதிக் கொடுங்க. 0.25-க்கு அடிச்சு முடிச்சு, கடையில 0.50 பிஸ்டன்தான் இருக்குன்னு திரும்பி வந்தவங்களை நிறையப் பாத்திருக்கேன்.

டார்க் பிளேட் இருக்கான்னு கேளுங்க. ஹெட் போல்ட்டை முறுக்கினா மேல் பக்கம் போர் கொஞ்சம் கோணும், அதனால தடிமனான தகட்டை ஹெட் மாதிரி முறுக்கி வெச்சு ஹோன் பண்றது. இல்லேன்னு சொன்னா, ஒரு தகடு செஞ்சு, பழைய கேஸ்கெட்டையும் நடுவுல வெச்சு முறுக்கி ஹோன் பண்ணச் சொல்லுங்க. ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கிற கேப்பை மேல் ரிங்குக்கு 0.30 பக்கம் வைங்க. ரிங்கை சிலிண்டருக்குள்ள விட்டு, பிஸ்டனைக் கவுத்து அதாலயே தள்ளி நேராக்கிட்டு ஃபீலர் விடுங்க. சாய்ஞ்சு இருந்தா அளவு பொய் சொல்லும்.

ஹோன் பண்ணி வந்ததும் பெட்ரோல்ல துடைச்சுட்டு மாட்டாதீங்க. சுடுதண்ணி, சோப்புத் தூள், பிரஷ் வெச்சுத் தேய்ச்சுக் கழுவுங்க. கல்லுப்பொடி அதுலதான் வெளிய வரும். காய்ஞ்சதும் என்ஜின் ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால சிலிண்டரைத் துடைங்க. துணியில சாம்பல் நிறம் ஏறாம வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி கழுவணும். அப்புறம் உடனே ஆயில் தடவி பாலிதீன் போட்டு மூடுங்க, லைனர் இரும்பு, ராத்திரியிலயே துரு பூக்கும்.

மலைப்பாதை எஸ்டீம்
பிஸ்டன் கோயம்புத்தூர்லேர்ந்து வியாழக்கிழமை வருதாம். அதுக்கப்புறம்தான் பிளாக் ஷெட்டை விட்டு நகரும். மறுபடி அளவு எடுத்ததும் இங்கயே போடறேன்.